ஆதிமூலத்தின் காரில் ஒரு தட்டு

இலந்தைக்குளம் ஆதிமூலத்தின் அம்பாசிடர் காருக்குள் மைக்செட் ஞானம் ஒரு தட்டு செய்து மாட்டிய வருஷம் பங்குனி வெயில் வழக்கத்தைவிடக் கடுமையாக இருந்தது என்பதையும், தட்டு மாட்டிய மறுநாளிலிருந்து அந்தக் காரில் அதுவரை தொலைந்துபோன பொருளெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன என்பதையும் அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெயிலைப் பற்றிச் சொல்லும்போதுதான் கொஞ்சம் கூடுதலாக அலுத்துக்கொள்வார்கள்.

கார் அறுபத்தெட்டாம் வருஷத்து வண்டி, மோர் நிறம். குற்றால மலைக்குக் கீழே ஏழெட்டு கிராமத்துக்கு ஒரே கார் என்றிருந்த காலத்தில் ஆதிமூலம் அதை ஒரு எஸ்டேட்காரரிடமிருந்து வாங்கினார். அதற்குப் பிறகு ஊரில் பாதிப்பேர் ஆஸ்பத்திரியில் பிறந்து வீட்டுக்கு வந்தது அதில்தான், கல்யாணமாகி மாலையோடு வந்து இறங்கியதும் அதில்தான், கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து துணி போர்த்தி வந்தவர்களும் உண்டு. ஆதிமூலத்துக்கு எழுபது வயதாகி, இடது தோளுக்கு மேல் கை தூக்க முடியாமல் போய், டாக்ஸி ஸ்டாண்டில் அவருடைய முறையை இளவட்டங்களுக்கு விட்டுக்கொடுத்த பிறகும் வண்டியை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தினமும் காலையில் துடைப்பார், ஸ்டார்ட் பண்ணுவார், கொஞ்ச நேரம் அது உறுமுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பார், பிறகு அணைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போவார்.

தட்டு வேண்டுமென்று கேட்டது அவர் மனைவி உலகம்மாள். கண்ணில் புரை எடுத்திருந்தது, வாரம் ஒருமுறை திருநெல்வேலிக்குப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வரவேண்டும், போகும்போது கூடவே சொட்டு மருந்தும் கண்ணாடியும் மாத்திரை டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் போகும், இத்தனையையும் முன்னால் வைத்தால் ஆலங்குளம் வளைவில் மொத்தமும் உருண்டு காலடிக்கு வரும், புரை எடுத்த கண்ணோடு அவள் குனிந்து தேட முடியாது. முப்பத்தைந்து வருஷமாக அவள் அந்தக் காரில் பின்சீட்டில்தான் உட்கார்ந்து வந்தாள். குனிய வேண்டாம், குலுக்கல் ஆகாது என்று டாக்டர் சொன்னதால் முன்சீட்டுக்கு வந்தாள். வந்த முதல் நாளே, "ஏங்க, இதுக்குள்ள ஒரு சாமான் வைக்க எடம் இருக்கா? ஒரு தட்டு அடிச்சுப் போடுங்க, புண்ணியமாப் போகும்" என்றாள்.

ஊரில் ஆசாரிகள் இருந்தார்கள். ஆனால் அவர்களைக் கூப்பிட்டால் கட்டில் காலுக்கு அளவெடுக்கிற மாதிரி எடுப்பார்கள் என்று ஆதிமூலத்துக்கு ஒரு எண்ணம். மைக்செட் ஞானம் என்கிற ஞானப்பிரகாசம் ஸ்பீக்கர் பாக்ஸ் செய்கிறவன். கோயில் கொடைக்கும் மாதா திருவிழாவுக்கும் கட்சி மீட்டிங்குக்கும் அவன் செய்த பெட்டிகள்தான் கத்தும். பிளைவுட்டை வளைக்கத் தெரியும், ரெக்சின் ஒட்டத் தெரியும், மூலை பிசகாமல் பிசின் வைக்கத் தெரியும். "செஞ்சிரலாம் அண்ணாச்சி" என்றான். "ஆனா எங்கனக்குள்ள மாட்டணும், எத்தன ஸ்குரூ போடணும்..."

"ஸ்குரூவா? வண்டியில புதுசா ஒரு ஓட்டை விழப்படாது வே. பழைய ரேடியோ தொங்குன ரெண்டு ஓட்டை இருக்கு. அதுலதான் தொங்கணும்."

ஞானம் முன்சீட்டில் மல்லாந்து படுத்து, தலையைப் பெடலுக்குப் பக்கத்தில் விட்டு, காலைச் சீட்டு முதுகின்மேல் போட்டுக்கொண்டு அரைநாள் அளவெடுத்தான். டேப்பு அந்த வளைவுக்கு ஒத்துவரவில்லை என்று போன வருஷத்துத் தினசரிக் காலண்டரின் அட்டையை வெட்டி வெட்டி வைத்துப் பார்த்தான். நாலாவது அட்டை மட்டும் டாஷ்போர்டின் அடிவயிற்றில் பொருந்தி உட்கார்ந்தது. ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டியைப் பிரித்து அதன் பலகையில் அந்த அட்டையை வைத்துக் கோடு போட்டான். அடிப்பலகை, முன்னால் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு விளிம்பு, பின்னால் ஒரு பலகை, இரும்புப் பட்டையை வளைத்து இரண்டு கொக்கி. அடிப்பலகையை நேராக மாட்டாமல் உள்பக்கம் அரை அங்குலம் தாழ்த்தி மாட்டவேண்டும் என்று சொன்னது அவன்தான். "சாய்வு வேணும் அண்ணாச்சி. எவ்வளவு பொடிசா இருந்தாலும் உள்ளதான் உருளும், வெளிய விழாது."

தப்பு ஒன்றே ஒன்றுதான் நடந்தது. இருபத்தெட்டு வருஷமாக ஸ்பீக்கர் பெட்டி செய்த கை. பின்பலகையை அறுத்து முடித்த கையோடு, மனசு வேறெங்கோ இருக்க, அதன் நடுவில் காம்பஸை ஊன்றி, எட்டு அங்குல வட்டம் போட்டு, சுத்தமாக அறுத்து எடுத்துவிட்டான். எடுத்த பிறகுதான் அது ஸ்பீக்கர் பெட்டி இல்லை என்பது ஞாபகம் வந்தது.

"என்னவே இது, தட்டுக்கு எதுக்குடே தொண்டை?" என்றார் ஆதிமூலம்.

ஞானம் தலையைச் சொறிந்தான். பலகையை வீணாக்க மனசில்லை. ஸ்பீக்கருக்கு முன்னால் ஒட்டுகிற கறுப்பு வலைத்துணியை அந்த ஓட்டையின் மேல் இழுத்து ஒட்டி, சுற்றிலும் ரெக்சின் மடித்து, பார்க்க அழகாகவே செய்து கொடுத்துவிட்டான். அதற்குப் பின்னால் ஒன்றும் கிடையாது, ஒரு ஜாண் இடைவெளியும் வண்டியின் இரும்புத் தகடும் மட்டும்தான். உலகம்மாள் கண்ணாடியையும் மாத்திரை டப்பாவையும் வைத்துப் பார்த்தாள். அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது என்று சொல்லக்கூடாது, அளவெடுத்துத்தான் செய்தது.

மறுநாள் காலையில் ஆதிமூலம் வண்டியை ஸ்டார்ட் பண்ணினபோது தட்டில் ஒரு பவுண்டன் பேனா மூடி இருந்தது. போன வருஷம் கிராம அலுவலர் தொலைத்தது. எங்கேயோ இடுக்கில் கிடந்தது குலுக்கலில் விழுந்திருக்கும் என்று நினைத்தார். அதற்கு மறுநாள் ஒற்றைக் கொலுசு. மூன்றாம் நாள் ஒரு குடை, நனைந்து சொட்டிக்கொண்டு. குடை எந்த இடுக்கிலும் கிடந்திருக்க முடியாது, வெளியே ஒரு பொட்டு மழையும் இல்லை. ஆதிமூலம் குடையை விரித்து வாசல் திண்டில் காயப்போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். அது தபால்காரர் சேர்மக்கனியுடையது, மூன்று வருஷத்துக்கு முந்திய ஐப்பசி அடைமழையில் விட்டுப்போனது. அவர் வந்து வாங்கிக்கொண்டு, "கம்பி ஒண்ணு வளைஞ்சிருந்துது, அப்படியே இருக்கு பாத்தியளா" என்று சந்தோஷப்பட்டார்.

ஒரு நாளைக்கு ஒன்று, அதற்கு மேல் கிடையாது. முதல் உறுமலில் வரும். வலைத்துணி கிழியாது, அசையாது. கடைசியாகத் தொலைந்தது முதலில் வந்தது, அதற்கு முந்தித் தொலைந்தது அடுத்தது, இப்படிப் பின்னோக்கிப் போயிற்று. இதைக் கண்டுபிடித்தது டாக்ஸி ஸ்டாண்டுக்காரர்கள். அவர்களுக்கு முறை என்றால் உயிர். எந்த வண்டி எப்போது வந்தது, எது முதலில் சவாரி போகவேண்டும் என்று எழுத ஸ்டாண்டு வாகை மரத்தில் ஒரு கரும்பலகை தொங்கும். "நம்ம முறைதான், தலைகீழா வருது, அவ்வளவுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பலகையின் பாதியை அழித்து, எந்த வருஷம்வரை தட்டு போயிருக்கிறது என்று தினமும் எழுத ஆரம்பித்தார்கள். அது எப்படி நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நம்ம பொருள் எப்போது வரும் என்றுதான் கேட்டார்கள்.

காலையில் ஆதிமூலத்தின் வீட்டு வாசலில் கூட்டம் கூடியது. பல் விளக்கிக்கொண்டே வருகிறவர்களும், பால் வாங்கப் போகிற வழியில் நிற்கிறவர்களும், தென்காசியிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்களுமாக முப்பது நாற்பது பேர். பரோட்டாக் கடை வைத்திருக்கும் சங்கரபாண்டிக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை ஹால் டிக்கெட் வந்தது. அது தொலைந்ததால் பரீட்சை எழுதாமல் திரும்பி, அந்த அழுகையோடு கடையில் வேலைக்குச் சேர்ந்தவன் அவன். ஹால் டிக்கெட்டில் மீசை அரும்பாத தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பயல் பாஸாகிருக்க மாட்டான்" என்று சொல்லி, அதைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினான். ஒரு கல்யாணப் பெண்ணின் தலையிலிருந்து விழுந்த மல்லிகைச் சரம் வந்தது, ஒரு பூகூட வாடாமல். அந்தப் பெண்ணுக்கு இப்போது மருமகள் வந்துவிட்டாள். அவள் நரைத்த கொண்டையில் அதை வைத்துக்கொண்டு தெருவில் நடந்து போனபோது அவள் புருஷன் கடைவாசலில் நின்று எட்டிப் பார்த்தான்.

பிறகு ஒரு தூக்குப்போணி வந்தது. திறந்தால் இட்லி, ஆவி பறந்தது. இருபத்தேழு வருஷத்துக்கு முந்தி வெள்ளத்துரை என்கிற சர்வேயர் ஆபீசுக்குப் போகிற அவசரத்தில் விட்டுப்போனது, அவர் போய்ச் சேர்ந்தே பத்து வருஷமாகிறது. அவர் மனைவி செல்லக்கிளியைக் கூட்டி வந்தார்கள். சாப்பிடலாமா கூடாதா என்று கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். அவள் யாரையும் கேட்காமல் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டாள். "உப்பு கம்மி. என் கைதான்" என்றாள். "சாயங்காலம் வந்து, 'இன்னைக்குப் பட்டினி போட்டுட்டியே'ன்னு சிரிச்சாக. நான் மறதிக்கு ஏசுனேன்." மிச்ச இட்லியை அவள் மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் கலைந்து போகவில்லை.

உலகம்மாள் இதையெல்லாம் ஒற்றைக் கண்ணில் பச்சைத்துணி கட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். எதற்கும் அவள் ஆச்சரியப்படவில்லை. தட்டு இரண்டாயிரமாவது வருஷத்தைத் தாண்டிய அன்று அவள் சமையல்கட்டுச் சுவரில், ஊரார் சொன்ன கணக்கில் இனி வரவேண்டிய பொருளுக்கு ஒன்றாக, கரித்துண்டால் கோடு போட ஆரம்பித்ததை ஆதிமூலம் பார்த்தார். அவள் எந்த வருஷத்துக்கு எண்ணுகிறாள் என்று அவருக்குத் தெரியும்.

எண்பத்தேழு, ஆனி மாதம். அவர்களுக்குக் காசி என்று ஆறு வயதில் ஒரு பிள்ளை இருந்தான். அந்தக் காரின் முன்சீட்டு பெஞ்சு மாதிரி நீளமாக இருக்கும், அவன் எப்போதும் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டேதான் வருவான். குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்த ஒரு சாயங்காலம் குளித்துவிட்டு வரும்போது கடலை மிட்டாயைக் கடித்தான், ஆடிக்கொண்டிருந்த முன்பல் கையோடு வந்துவிட்டது. பல்லை உள்ளங்கையில் வைத்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். வீட்டுக்குப் போனதும் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறியவேண்டும், எறிந்தால்தான் புதுப்பல் முளைக்கும், அம்மா எறியக்கூடாது, அப்பாவுக்குத்தான் கை நீளம், அப்பா எறிந்தால்தான் உச்சி ஓட்டுக்குப் போகும். ரயில்வே கேட்டில் வண்டி தூக்கிப் போட்டதில் பல் கையிலிருந்து தவறி எங்கேயோ விழுந்தது. வீட்டுக்கு வந்து இறங்க மாட்டேன் என்று அழுதான். மறுநாள் விடியற்காலையில் ஒரு முகூர்த்தச் சவாரி, வண்டி பளபளவென்று போய் நிற்கவேண்டும். "நாளைக்குத் தேடுவம்ல" என்றார் ஆதிமூலம். அந்த நாளைக்கு வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது, மூளைக் காய்ச்சல் என்றார்கள், ஒன்பதாம் நாள் அதே காரில்தான் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பொக்கைப் பல்லோடு போனான். அவன் உடுத்தியது, விளையாடியது எல்லாவற்றையும் பெரியவர்கள் வழக்கப்படி எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். போட்டோ எடுத்துவைக்கிற பழக்கமும் அப்போது அந்த வீட்டில் இல்லை. அதன்பிறகு வேறு பிள்ளையும் இல்லை.

உலகம்மாளுக்குத் தெரியாது என்று ஆதிமூலம் நினைத்துக்கொண்டிருந்த விஷயம் ஒன்று உண்டு. அன்று பிள்ளை அழுது தூங்கிப்போன பிறகு அவர் முகூர்த்தத்துக்காக வண்டியின் நாலு கதவையும் திறந்து, விளக்குமாற்றால் பெருக்கி, கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக உள்ளே ஊற்றிக் கழுவிவிட்டார். பல் கிடக்கிறதே என்பது ஊற்றின பிறகுதான் ஞாபகம் வந்தது. தண்ணீர் வாசலைத் தாண்டி ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஓடையில் போனது காரில் தொலைந்ததாகக் கணக்கில் வருமா? தட்டு அதைக் கொண்டுவருமா? கொண்டுவராவிட்டால், சுவரில் கோடு போட்டுக் காத்திருக்கிறவளிடம் என்ன சொல்வது? எழுபது வயதில் அவருக்குச் சாப்பாடு இறங்காமல் போனது.

இந்த நேரம் பார்த்து ரைஸ்மில் கைலாசம் அவரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். "ஆதிமூலம், அந்த ஓட்டையை அடைச்சிரு வே. ஊருக்கே நல்லதில்ல" என்றார். ஊருக்கு என்ன கெடுதல் என்று கேட்டதற்கு முதலில் சாஸ்திரம் பேசினார், பிறகு வியர்த்தார், பிறகு சொல்லிவிட்டார். தொண்ணூற்றொன்றில் சபரிமலைக்கு மாலை போட்டவர், நோன்பின் நடுவில் நாக்கு அடங்காமல் இதே காரில் ஏறிக் குற்றாலத்துக்குப் போய், மாலையைக் கழற்றிச் சீட்டில் வைத்துவிட்டுக் கோழி பிரியாணி தின்றிருக்கிறார். மாலை காரிலேயே தொலைந்தது. வேறு மாலை வாங்கிப் போட்டுக்கொண்டு மலைக்கும் போய்வந்து, இப்போது பக்தர் சபைக்குத் தலைவராக இருக்கிறார். "பலகையில தொண்ணூத்தி மூணுன்னு எழுதியாச்சு வே. எனக்குத் தூக்கம் வரல."

ஆதிமூலத்துக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, தன்னை நினைத்தும் பாவமாக இருந்தது. ஓட்டையை அடைத்துவிட்டால் இருவருக்கும் நிம்மதி. பல் வராததற்குப் பழி பலகை மேல் போய்விடும். அன்று மத்தியானமே ஞானத்துக்கு ஆள் அனுப்பினார். ஞானம் எட்டு அங்குல வட்டப்பலகை ஒன்றும் பிசின் டப்பாவுமாக வந்து காருக்குள் குனிந்தான். உலகம்மாள் அடுப்பில் கிடந்ததைப் போட்டபடி போட்டுவிட்டு வந்து, கதவைத் திறந்து, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, வலைத்துணியின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டாள்.

"அடைக்கணும்னா என் கையையும் சேத்து அடைச்சிட்டுப் போ, ஞானம்."

"மயினி, அண்ணாச்சிதான் சொன்னாக..."

"என் பிள்ள பல்லு வரணும். இன்னும் முப்பத்தி நாலு கோடு இருக்கு. வந்தபெறகு நீங்க தட்டையே பேத்து அடுப்புல வைங்க, நான் கேக்க மாட்டேன். முப்பத்தஞ்சு வருஷமா அவனுக்குப் பல்லு மொளைக்காம கெடக்கு."

காசியைப் பற்றி அவள் வெளியே பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை. ஞானம் பலகையைக் கீழே வைத்துவிட்டான். ஓட்டை அடைபடுவதைப் பார்க்க வந்திருந்த ரைஸ்மில் கைலாசம் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார், பிறகு தொண்டையைச் செருமினார். "திறந்தே கெடக்கட்டும்" என்றார். "எம் மானம் என்ன பெரிய மானம்."

பதினோராம் நாள் துளசிமாலை வந்தது. பிரியாணி வாசனையும் கூடவே வந்தது என்று பரோட்டாக்கடை சங்கரபாண்டி சத்தியம் செய்கிறான். கூட்டம் சிரித்த சிரிப்பில் வாகை மரத்துக் காக்கையெல்லாம் பறந்தது. கைலாசத்தின் மனைவி மாலையை எடுத்துத் தட்டி, அவர் கழுத்தில் போட்டு, "நாப்பத்தோரு நாளு. இந்தத் தடவ நாக்கைக் கட்டி இரும்" என்றாள். அவர் அன்றைக்கே நோன்பு ஆரம்பித்தார், அது சபரிமலை மாசமே இல்லை.

வெயில் போய்ச் சாரல் தொடங்கியது. தொண்ணூறு, எண்பத்தொன்பது, எண்பத்தெட்டு என்று பலகையில் எண் இறங்கியது. இப்போது வருகிறவர்கள் தங்கள் பொருளுக்காக வரவில்லை. எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது, யாரும் உலகம்மாளிடம் எதுவும் கேட்கவில்லை, காலையில் வந்து நின்று, வந்த பொருளை உரியவரிடம் சேர்த்துவிட்டு, சத்தமில்லாமல் போனார்கள். ஆனி பாதி போன பிறகு ஒரு நாள் தட்டில் ஒரு சந்தனக் கிண்ணம் இருந்தது. சந்தனம் ஈரமாக இருந்தது. ஆதிமூலம் அதை மோந்து பார்க்கும் முன்பே அடையாளம் கண்டுகொண்டார். அந்த முகூர்த்தச் சவாரியில் தொலைந்த கிண்ணம். அப்படியென்றால் நாளைக்கு வரவேண்டியது அதற்கு முந்தின நாளில் தொலைந்தது.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் போய்க் காரில் உட்கார்ந்தார். உலகம்மாளும் வந்து மறுபக்கம் ஏறினாள். கண்ணாடியில் சாரல் வழிந்தது. இருவருக்கும் நடுவில் ஒரு பிள்ளை நிற்கிற அளவு இடம் இருந்தது.

"ஏளா உலகு, நாளைக்கு அது வராது" என்றார். "அன்னைக்கு நான் வண்டியைக் கழுவி விட்டுட்டேன். பல்லு ஓடையோட போயிட்டு. உங்கிட்ட சொல்லணும் சொல்லணும்னு இருந்து..." பெரிய மனுஷன் அழுகிற அழுகை பார்க்க நன்றாக இருக்காது, ஆதிமூலம் அழுததும் அப்படித்தான் இருந்தது.

அவள் தட்டைத் தடவினாள். "தெரியும்" என்றாள். "சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். 'நிறுத்துங்க, பிள்ள பல்லு கெடக்கு'ன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். முகூர்த்த வண்டி, நேரமாகுதேன்னு நானும் பேசாம நின்னுட்டேன். பெறகு எந்த மொகத்த வச்சுக்கிட்டு உங்களைக் கேக்க? பின்சீட்டுல போய் உக்காந்துக்கிட்டேன்."

"தெரிஞ்சுமா கோடு போட்டே?"

"ஆமா."

"வரலேன்னா?"

"வரலேன்னா வரல. ரெண்டு பேருமாச் சேந்து இருந்து பாப்போம்."

மறுநாள் காலையில் தெரு நிறைய ஆள். சாரலில் குடை பிடித்தும் சாக்கு போர்த்தியும் நின்றார்கள், சேர்மக்கனி வளைந்த கம்பிக் குடையோடு நின்றார், கைலாசம் கழுத்து மாலையோடு வெள்ளை வேட்டியில் நின்றார். ஆதிமூலம் சாவியைத் திருப்பினார். வண்டி உறுமியது. தட்டில் ஒன்றுமில்லை. ஆதிமூலம் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது உலகம்மாளின் பாதத்தில் சில்லென்று ஏதோ சொட்டியது. வலைத்துணி நனைந்திருந்தது. வட்டத்தின் வழியாகத் தண்ணீர் கசிந்து, பிறகு வழிந்து, தட்டு நிறைந்து, முன்விளிம்பைத் தாண்டிக் கொட்டியது. கிணற்றுத் தண்ணீர், விளக்குமாற்று ஈர்க்கும் சீட்டுத் தூசியும் கடலை மிட்டாய்த் துணுக்குமாக ஒரு வாளி, இரண்டு வாளி, மூன்று வாளி. அன்று அவர் ஊற்றிய அத்தனையும் வந்து, இருவர் காலையும் நனைத்து, கதவு வழியாக இறங்கி வாசலில் ஓடியது. உலகம்மாள் அந்தத் தண்ணீருக்குள் கையை விட்டுத் தட்டைத் துழாவினாள். ஞானம் வைத்த அரை அங்குலச் சாய்வில், உள்மூலையில், விளிம்பு தாண்டிப் போகாமல், அரிசி மாதிரி ஒன்று தட்டுப்பட்டது.

கையை விரித்துக் காட்டினாள். பால்பல். வேரில் ஒரு பொட்டு ரத்தம் இன்னும் சிவப்பாக இருந்தது.

ஊர் என்ன நினைத்தது என்றால், அதை அவள் வெள்ளிச் சிமிழில் போட்டுச் சாமி மாடத்தில் வைப்பாள் என்று நினைத்தது. சங்கரபாண்டி சிமிழ்கூட வாங்கி வைத்திருந்தான். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. எதிர்வீட்டுத் தொழுவிலிருந்து ஒரு பிடி சாணி எடுத்து வந்தாள், பல்லை நடுவில் வைத்து உருட்டினாள், ஆதிமூலத்திடம் நீட்டினாள்.

"நீங்கதான் எறியணும்னு சொன்னான்."

தோளுக்கு மேல் தூக்க முடியாத கை இடது கை, வலது கை பரவாயில்லை என்றாலும் அதுவும் எழுபது வருஷத்துக் கை. அவர் வாசலில் நின்று, ஓட்டுக் கூரையின் உச்சியைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தார். உருண்டை கூரை ஓரத்து ஓட்டில் மோதி உடைந்தது. சாணி ஒரு பக்கம் தெறித்தது, பல் ஒரு பக்கம் பறந்து, ஈர வாசலில் எங்கேயோ விழுந்தது.

ஆதிமூலத்தின் முகம் வெளுத்துப்போனது. ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் கூட்டம் குனிந்துவிட்டது. ஸ்டாண்டு டிரைவர்கள் சவாரியை விட்டுவிட்டு முழங்காலில் இறங்கினார்கள். செல்லக்கிளி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசல் ஓரத்தைத் தடவினாள். ஞானம் ஓடையை மண்வைத்து அடைத்தான். ஒன்பது மணி பஸ் தெருவில் போக வழியில்லாமல் நின்றது, கண்டக்டர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு இறங்கிவந்து தேடினான், அவனுக்குப் பின்னால் பஸ்ஸே இறங்கி வந்து தேடியது. முகூர்த்தத்துக்குப் போகிற ஒரு குடும்பமும் அதில் இருந்தது, பட்டுச்சேலை நனைய அவர்களும் தேடினார்கள். நேரமாகிறது என்று யாருமே சொல்லவில்லை. வேட்டியெல்லாம் சேறாக, நாலு காலில் ஊர்ந்துகொண்டிருந்த ரைஸ்மில் கைலாசம் கார் டயருக்கு அடியிலிருந்து, "இந்தா, இந்தா இருக்கு!" என்று கத்தியபோது மணி பதினொன்று.

உலகம்மாள் பல்லைக் கழுவினாள், மறுபடி உருட்டினாள், இந்தத் தடவை கொஞ்சம் சின்னதாக, இறுக்கமாக. ஆதிமூலம் காரின் பானெட்டில் காலை வைத்து ஏறினார். அந்த வண்டிமேல் ஒரு ஈ உட்கார்ந்தாலும் விரட்டுகிறவர், செருப்புக் காலோடு ஏறி நின்றார். நாலு பேர் அவர் காலைப் பிடித்துக்கொண்டார்கள்.

எறிந்தார். சாரலுக்குள் அது போன வழி யாருக்கும் தெரியவில்லை. உச்சி ஓட்டில் சொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. தெரு முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. உருண்டு வருகிற சத்தம் எதுவும் இல்லை.

"போயிட்டுதா?" என்றார் ஆதிமூலம், பானெட் மேலிருந்து.

"போயிட்டு" என்றாள் உலகம்மாள், பச்சைத்துணியைத் தூக்கிவிட்டு மேலே பார்த்துக்கொண்டு. "இனி மொளைச்சிரும். எறங்குங்க, வண்டி நசுங்குது."